எல்.டி.ஹெச். டெஸ்ட்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

சினைப்பையில் கட்டியோடு வரும் இளம்பெண்ணுக்கு டாக்டர் எழுதும் ரத்தப் பரிசோதனைகளில் ஏ.எஃப்.பி., பீட்டா ஹெச்.சி.ஜி. என்ற புற்றுநோய்க் குறியீடுகளோடு எல்.டி.ஹெச்.சும் (லாக்டேட் டிஹைட்ரோஜெனேஸ் என்ற நொதி) இருக்கும். டிஸ்ஜெர்மினோமா என்ற புற்றுநோயில் இந்த நொதி ஏறும். லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இதில் சறுக்குவது, நாங்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான். பெயர் மாற்றி ஒட்டுவதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அதை விடுங்கள்.

சிவந்த சீரத்தை ஓட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் நீரில், இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேலான எல்.டி.ஹெச். சிவப்பணுவுக்குள் இருக்கிறது. சிரிஞ்சை வெடுக்கென்று இழுப்பது, ஊசியைக் கழற்றாமலே டியூபுக்குள் பீய்ச்சுவது, டியூபைப் போட்டுக் குலுக்குவது: அணுக்கள் உடைய ஏதாவது ஒன்று போதும். சென்ட்ரிஃபியூஜிலிருந்து எடுத்தால் சீரம் ரோஸ் நிறத்தில் நிற்கும். ஹீமோலிசிஸ், அதாவது சிவப்பணு உடைந்திருக்கிறது என்று மெஷினே எச்சரித்தும் ஓகே தட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

ஒரு கல்லூரி மாணவிக்கு வெளியில் பார்த்த ரிப்போர்ட்டில் எல்.டி.ஹெச். 900-க்கு மேல். அம்மா அதை இணையத்தில் தேடிப் படித்துவிட்டு அழுதுகொண்டே வந்தார். நிதானமாக மறுபடி ரத்தம் எடுத்தோம்: 190, நார்மல். அந்த இரண்டு நாள் அவர்கள் தூங்கியிருக்க மாட்டார்கள்.

"ஐசோஎன்சைம் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே சார்?" என்று ஒரு பையன் கேட்டான். ஐசோஎன்சைம் என்பது ஒரே நொதியின் வகைகள்; எல்.டி.ஹெச்.சில் 1 முதல் 5 வரை உண்டு. நல்ல கேள்விதான், ஆனால் தெரியாது. டிஸ்ஜெர்மினோமாவில் முக்கியமாக ஏறுவது 1, 2. சிவப்பணுவில் நிறைந்திருப்பதும் அதே 1, 2. உடைந்த ரத்தம் அந்தப் புற்றுநோயின் வேஷத்தையே போட்டுக்கொண்டு வரும். சூத்திரம் வைத்துக் கழித்தெழுதும் வேலையும் வேண்டாம். எண்ணைத் தராமல், வேறு சாம்பிள் கேளுங்கள்.

ஃப்ரிட்ஜ்

வேண்டாம். எல்.டி.ஹெச்.சின் 4, 5 வகைகள் குளிர் தாங்காது. சீரத்தை உடனே பிரித்து, வெளியிலேயே வைத்து, அன்றைக்கே ஓட்டுங்கள்.

ஊதா மூடி டியூபிலிருந்து ஊற்றுவது

இதே கட்டிக்கு எல்.டி.ஹெச்.சோடு ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியையும் பார்ப்பதுண்டு. அது வேலை செய்ய துத்தநாகமும் மக்னீசியமும் வேண்டும். ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் ஈ.டி.டி.ஏ. (பொட்டாசியம் உப்பு) இரண்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும், எண் பொய்யாகக் குறையும்; கால்சியத்தையும் பிடிக்கும். பொட்டாசியம் எகிறி, கால்சியம் படுத்திருந்தால் சாம்பிளைச் சந்தேகப்படுங்கள்.

புகைப்பழக்கம் கேட்காதது

டிஸ்ஜெர்மினோமாவில் ஏறும் பிளாசென்டல் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் (அதே நொதியின் ஒரு வகை) புகைத்தாலே ஏறும்.

இரண்டு லேப் எண்களை ஒப்பிடுவது

எல்.டி.ஹெச்.சை அளக்க, அது நடத்தும் வேதிவினையைச் சில லேபுகளில் லாக்டேட்டிலிருந்து பைருவேட்டுக்கு ஓட்டுவார்கள், சிலவற்றில் தலைகீழாக. தலைகீழ் முறையில் நார்மல் அளவே ஏறக்குறைய இரட்டிப்பு. போன மாதம் 400, இந்த மாதம் 200 என்றால் சிகிச்சை கேட்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் இரண்டு ரிப்போர்ட்டிலும் நார்மல் அளவு எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள்.