செக்கு எண்ணெய்க் கடை இணையதளத்துக்கு லாபம் தரும் தேடுசொற்கள்: படிப்படியாக

காங்கேயத்தில் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி, இணையதளம் வழியாகவும் விற்கும் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூகுளில் எந்தச் சொல்லைத் தேடுபவர் வந்தால் கல்லாவில் காசு விழும்?

படி 1: முதலில் விலைப்பட்டியல்

கணினியைத் திறக்குமுன் ஒரு நோட்டில் பொருள், அளவு, கூரியர் செலவு போக நிற்கும் தொகை மூன்றையும் எழுதுங்கள். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை 900 கிராமுக்கு மேல். பாட்டிலும் அட்டைப்பெட்டியும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டும். கூரியரில் அடுத்த எடைக்கான கட்டணம் விழும். ஒரு லிட்டர் வாங்க வருபவரால் மிஞ்சுவது சொற்பம். நாம் தேட வேண்டியது 5 லிட்டர் கேனும் 15 கிலோ டின்னும் கேட்பவரை.

படி 2: வாடிக்கையாளர் வாய்ச்சொல்

வாட்ஸ்அப் விசாரிப்புகளைப் புரட்டுங்கள். ‘வாகை மரச்செக்கு’, ‘கருப்பட்டி போட்ட நல்லெண்ணெய்’, ‘கோல்ட் பிரஸ்டு ஆயில்’ என்று அவர்கள் எழுதியதை அப்படியே குறியுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் கூகுளில் தட்டி, ஒரு இடைவெளி விட்டு நிறுத்துங்கள்; கீழே விழும் பரிந்துரைகளையும் சேருங்கள். தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்தில் தமிழ், முழு ஆங்கிலம் என்று மூன்று விதமாகவும் தட்டிப் பார்க்க வேண்டும். பலர் ஒன்றோடு நின்றுவிடுகிறார்கள்.

படி 3: கீவேர்டு பிளானர்

ஒரு சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கருவி இது. கூகுளில் விளம்பரம் போடுவதற்கான கூகுள் ஆட்ஸ் கணக்குக்குள் இருக்கிறது. கணக்கு தொடங்கும்போது பில்லிங் விவரமும் ஒரு விளம்பரமும் கேட்கும். செலவு வேண்டாம் என்றால் விளம்பரத்தை உடனே நிறுத்தி வையுங்கள். இடத்தை ‘இந்தியா’ என்று விடாமல், நீங்கள் பொருள் அனுப்பும் மாநிலத்துக்கு மாற்றுங்கள். விளம்பரச் செலவு இல்லாத கணக்குக்குப் பெரும்பாலும் 100 முதல் 1,000 வரை என்பது போன்ற அகலமான வீச்சுதான் காட்டும். ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ‘போட்டி’ என்ற பத்தி. அது விளம்பரதாரர்களுக்குள் நடக்கும் போட்டி. தேடல் முடிவில் மேலே வருவது எவ்வளவு கடினம் என்பதை அது சொல்லாது. அதைவிட, பக்கத்தின் மேலே இடம்பிடிக்க விளம்பரதாரர் தரும் ஏலத்தொகையைப் பாருங்கள். பிறர் காசு கொடுத்து வாங்கும் சொல்லில் பெரும்பாலும் வியாபாரம் இருக்கும்.

படி 4: சலித்தெடுத்தல்

‘நன்மைகள்’ என்று முடிவது படிக்க வருபவர் சொல். ‘விலை’, ‘5 லிட்டர்’, ‘மொத்த விலை’ என்று முடிவது வாங்க வருபவர் சொல். ‘மரச்செக்கு விலை’ என்பதில் மட்டும் உஷார்: அதைத் தேடுபவரில் பாதிப்பேர் செக்கையே வாங்கி உங்களுக்குப் போட்டியாகக் கடை போடப் போகிறவராக இருக்கலாம்! ‘எண்ணெய்’ என்ற சொல் கூடவே இருக்கட்டும்.

படி 5: முதல் பக்கத்தைப் பாருங்கள்

உங்கள் பழைய தேடல்களின் சாயல் குறைவாக இருக்க, பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் தேடுங்கள். பத்து முடிவும் அமேசான், பிளிப்கார்ட் போன்ற பெரிய தளங்களாக இருந்தால் விட்டுவிடுங்கள். நடுவே சின்னக் கடைத் தளங்களோ கேள்வி-பதில் பக்கங்களோ தெரிந்தால் நுழைய வழி உண்டு. மேலே வரைபடத்தோடு கடைகள் வந்தால், கூகுள் வரைபடத்தில் உங்கள் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலைச் சரிசெய்வதே முதல் வேலை.

படி 6: காசுக் கணக்கு

எண்கள் எல்லாம் உத்தேசம்தான். ‘5 லிட்டர் கடலை எண்ணெய் விலை’ என்று மாதம் 500 பேர் தேடி, 50 பேர் உள்ளே வந்து, ஒருவர் வாங்கினால் நிற்பது 250 ரூபாய். ‘செக்கு எண்ணெய் மொத்த விலை’ என்று 50 பேர் தேடி, 5 பேர் வந்து, ஒருவர் டின்னுக்கு 300 ரூபாய் லாபத்தில் 10 டின் எடுத்தால் 3,000 ரூபாய். உங்கள் தளத்தில் எந்தச் சொல்லுக்கு முதலில் பக்கம் எழுதுவது என்று இனி யோசிக்க வேண்டியதில்லை.

படி 7: ஒரு நோக்கத்துக்கு ஒரு பக்கம்

உங்கள் பட்டியலில் ஏதாவது இரண்டு சொற்களுக்குக் கூகுள் ஏறக்குறைய ஒரே முடிவுகளைக் காட்டினால் ஒரே பக்கம் போதும். தனித்தனியாக எழுதினால் உங்கள் பக்கங்களே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். தலைப்பில் சொல், பக்கத்தில் விலை, அளவு, அனுப்பும் ஊர்கள் தெளிவாக இருக்கட்டும். விலையை மறைத்து ‘போன் செய்யவும்’ என்று போட்டால், விலை தேடி வந்தவர் அப்படியே திரும்பிப் போவார்.

மூன்று மாதம் கழித்து, எந்தத் தேடலில் உங்கள் தளம் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று காட்டும் கூகுள் கருவியான சர்ச் கன்சோலில் செயல்திறன் அறிக்கையைத் திறந்து, சராசரி இடம் 8 முதல் 20 வரை உள்ள சொற்களை வடிகட்டுங்கள். புதுப் பக்கம் எழுதுவதற்கு முன், அந்தச் சொற்களுக்கான பழைய பக்கங்களைத் திருத்துங்கள்.