நின்றால் மட்டும் வந்த எண்ணெய் வாடை

என் பழைய டீசல் வண்டியில், நின்றால் மட்டும் காந்திய எண்ணெய் வாடை உள்ளே வரும்; ஓடும்போது சுவடே இருக்காது. சைலன்சர் இணைப்புகளில் கசிவில்லை. வால்வு மூடியின் கேஸ்கெட்டை மாற்றியும், ஒயர் நுழையும் துளைகளை அடைத்தும் பயனில்லை.

துப்பு, வண்டிக்குள் காற்று வீசும் புளோயரில் கிடைத்தது. வெளிக்காற்று வழியை மூடினால் வாடை நின்றது. பானெட்டைத் திறந்து பார்த்தேன்: எஞ்சினின் அடிக்கூட்டில் சேரும் வாயுவை வெளியேற்றும் கிராங்க்கேஸ் பிரீதர் குழாயின் திறந்த முனையிலிருந்து மெல்லிய வெண்புகை எழுந்து, முன்கண்ணாடிக்குக் கீழே புளோயர் காற்றிழுக்கும் சல்லடைக்குள் நேராக நுழைந்தது. ஓடும்போது எதிர்காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

குழாயை அடைத்துவிடச் சொன்னார்கள். வேண்டவே வேண்டாம்! பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வரும் வாயுவுக்குப் போக்கிடமில்லாமல் அழுத்தம் ஏறி, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல்களைப் பிதுக்கிவிடும். பிரீதரை எண்ணெய் பிரிக்கும் டப்பா வழியாக, ஏர் ஃபில்டருக்கும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாயில் இணைத்தேன். டப்பா கட்டாயம் வேண்டும். எண்ணெய் அதிகமாக உள்ளே போனால் டீசல் எஞ்சின் அதையே எரித்துக் கட்டுப்பாடின்றி ஓடக்கூடும். ஹோஸும் எண்ணெய் தாங்கும் வகையாக இருக்கட்டும். ரேடியேட்டர் ஹோஸ் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். பொருத்தும் ஹோஸ் எங்கும் தொய்யக் கூடாது. தொய்வில் நீரும் எண்ணெயும் தேங்கி வழியை அடைக்கும்.

நாள்களைத் தின்ற தொல்லை தீர்ந்தது, அப்பாடா! ஆயில் மாற்றும்போதெல்லாம் டப்பாவையும் காலிசெய்கிறேன்.