ப்ளூரேக்குக் கூடுதல் பணம் கொடுக்குமுன்

சென்னைக்குப் போய்வரும் உறவினரிடம் "டிவிடி வேண்டாம், ப்ளூரேயாகவே வாங்கி வாருங்கள்" என்று சொல்லிவிடுவது மொரீசியஸ் தமிழ் வீடுகளில் சுலபமாக நடக்கக்கூடிய தவறு. எந்த நாட்டு டிஸ்க் எந்த நாட்டு ப்ளேயரில் ஓடலாம் என்று தயாரிப்பாளர்கள் உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். டிவிடியில் நமக்கும் இந்தியாவுக்கும் ஒரே மண்டலம், 5. அங்கே வாங்கியது இங்கே மறுபேச்சில்லாமல் ஓடியது. டிவிடியைவிடத் தெளிவான ப்ளூரே டிஸ்க் வந்தபோது உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஆப்பிரிக்காவும் ஐரோப்பாவும் பி, இந்தியா சி. மண்டலப் பூட்டு போட்ட இந்திய ப்ளூரே, இங்கே வாங்கிய ப்ளேயரில் ஓடாது. எல்லா டிஸ்க்கிலும் பூட்டு இருப்பதில்லை. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்த பிறகே காசை எடுக்கச் சொல்லுங்கள்.

ரீயூனியன் கதை இதற்கு நேர்மாறு. பிரான்ஸைச் சேர்ந்த தீவு என்பதால் டிவிடியில் மண்டலம் 2, ப்ளூரேயில் நம்மைப் போலவே பி. தள்ளுபடியில் கிடைத்தது என்று அங்கிருந்து ப்ளேயரைத் தூக்கி வந்தால் ப்ளூரே ஓடும். அலமாரியில் இருக்கும் மண்டலம் 5 டிவிடிகள் முரண்டு பிடிக்கும். ப்ளூரேயைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே அல்ட்ரா ஹெச்டி டிஸ்க்குக்கு மண்டலமே கிடையாது, நல்லவேளை.

அட்டையில் போட்டிருக்கும் 1080 என்ற எண்ணை அப்படியே நம்புவதும் தவறுதான். டிஸ்க்கில் 1920க்கு 1080 புள்ளிகள் (பிக்சல்) இருக்கும், சரி. அதில் ஏற்றிய படம் எங்கிருந்து எடுக்கப்பட்டது? 35 மி.மீ. நெகட்டிவைப் புதிதாக ஸ்கேன் செய்திருந்தால், 1960களின் கறுப்பு வெள்ளைப் படத்தில்கூட சேலை ஜரிகையும் நெற்றி வியர்வையும் டிவிடியில் காணாத தெளிவோடு தெரியும். நெகட்டிவ் பாழாகி, தொலைக்காட்சிக்காகப் பதிந்த பழைய வீடியோ டேப்பையே பெரிதாக்கியிருந்தால் முகமெல்லாம் மெழுகு பூசியதுபோல இருக்கும், ஓரங்களில் வெள்ளைக் கோடு ஓடும். பழைய தமிழ்ப் படம் வாங்குபவர் பயப்பட வேண்டியது இதற்குத்தான். ஸ்கேன் பற்றி அட்டையில் ஒரு வார்த்தையும் இல்லையென்றால் நான் டிவிடியோடு நிறுத்திக்கொள்வேன். புதிய படங்களிலும் 2கேயில், அதாவது ஏறக்குறைய 1080 அளவில், முடிக்கப்பட்டவை நிறைய. அவற்றின் 4கே டிஸ்க்கில் புள்ளிகளைவிட, வெளிச்சத்தையும் நிறத்தையும் விரிவாகக் காட்டும் ஹெச்டிஆர் வண்ணம்தான் கூடுகிறது. அதைக் காட்டும் டிவி வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிவி 43 அங்குலம், சோபா 3 மீட்டர் தள்ளி என்றால், புள்ளிக்காகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி வீண். 1080இன் நுணுக்கம் முழுதாகத் தெரிய சுமார் 1.7 மீட்டருக்குள் உட்கார வேண்டும். 4கேக்கு 1 மீட்டருக்கும் கிட்டே. அத்தனை பக்கத்தில் உட்கார்ந்தால் வீட்டுப் பாட்டிகள் சும்மா விடமாட்டார்கள்.

ஒலி விஷயம் வேறு. டிவியின் சொந்த ஸ்பீக்கரிலேயே கேட்பவருக்கு ப்ளூரேயின் தரம் குறைக்காத ஒலி பயன்படாது. ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நொடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்) ஓடும் சினிமாவை, பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடியில் 25ஆக ஓட்டுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். சரிசெய்யாமல் விட்டால் பாட்டின் சுருதியும் ஏறிவிடும். இன்னொரு தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சி (NTSC) டிவிடிகள் இதிலிருந்து தப்பித்தவை. ப்ளூரேயில் 24 என்றால் 24தான். கூடவே சேர்ந்து பாடாமல் இருக்க முடியாத ஆள் நான். கூடுதல் பணம் கொடுப்பது பெரும்பாலும் இதற்காகவே.