எம்மென்டால் மேடுகளில் முதல் ரோடு சைக்கிள் சுற்று: புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் படிப்படியாக

சுவிட்சர்லாந்தில் ரோடு பைக் வாங்கிய கையோடு எல்லோரும் கேட்பது கணவாய்களைப் பற்றித்தான். கிரிம்செல் போகலாமா, ஃபுர்கா போகலாமா? தாராளமாகப் போகலாம், ஆனால் முதல் வருஷம் வேண்டாம். இன்னெர்ட்கிர்ஷன் ஊரிலிருந்து கிரிம்செல் உச்சிக்கு 26 கிலோமீட்டர், 1,500 மீட்டருக்கு மேல் ஏற்றம். மேலே போய்ச் சேர்ந்தாலும் கியர் மாற்றவோ வளைவில் இறங்கவோ கற்றிருக்க மாட்டீர்கள், களைத்துத்தான் போயிருப்பீர்கள். ஓட்டப் பழக நான் எப்போதும் சொல்லும் இடம் பெர்னுக்குக் கிழக்கே உள்ள எம்மென்டால்.

இந்தப் பகுதியின் நிலவாகு கொஞ்சம் விசித்திரமானது. நாப்ஃப் என்ற 1,406 மீட்டர் மலையிலிருந்து நாலாபக்கமும் ஓடைகள் கிளம்புகின்றன. கடைசிப் பனியுகத்தில் பனியாறுகள் இந்த மலைப் பகுதியைப் பெரும்பாலும் மூடவில்லை. மூடியிருந்தால் எல்லாவற்றையும் வழித்து மழுங்கடித்திருக்கும். அப்படி நடக்காததால் ஓடைகள் வெட்டிய பள்ளங்கள் இன்றும் செங்குத்தாக நிற்கின்றன. சாலை பள்ளத்தில் விழும், பாலத்தைத் தாண்டும், உடனே எதிர்மேட்டில் ஏறும். ஒரு ஏற்றம் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோதான், ஆனால் சாய்வு 8, 10 சதவீதம் என்று சர்வசாதாரணமாக வரும். அதனால் இங்கே தூரத்தைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்பதுதான் கணக்கு.

படி 1: சைக்கிளைச் சரிபார்ப்பது

முதலில் கியர். முன்னால் உள்ள இரண்டு பல்சக்கரங்களில் சின்னதற்கு எத்தனை பல், பின்னால் உள்ளவற்றில் பெரியதற்கு எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். 34-க்கு 34 என்றால் கவலையே இல்லை. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்று. பெரும்பாலான மேடுகளை உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். பின்னால் இருப்பது 28-தான் என்றால் பத்து சதவீத மேட்டில் தொடை கடுக்கத் தொடங்கும். கடையில் சொல்லி கேசட்டை, அதாவது பின்பக்கப் பல்சக்கர அடுக்கை, மாற்றிக்கொள்ளுங்கள். சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பின்பக்க டீரெய்லர் அதைத் தாங்குமா என்பதையும் அவர்களே பார்த்துச் சொல்வார்கள். விலை உயர்ந்த கார்பன் சட்டத்தைவிட இந்த ஒரு மாற்றம் உங்களுக்கு அதிகம் உதவும்.

டயர் 28 அல்லது 32 மில்லிமீட்டர் இருக்கட்டும். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 28 மில்லிமீட்டர் டயரில் 5 பார் காற்றே போதும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் உச்ச அளவு வரை அடித்து இறுக்கினால் பண்ணைச் சாலையில் கைமூட்டு வரை அதிரும்.

ஊரிலிருந்து வந்து வாடகைக்கு எடுப்பவர்கள் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: பிரேக். நம் ஊர் சைக்கிளில் வலது கைப் பிடி முன் பிரேக், இங்கே இடது கைப் பிடி முன் பிரேக். பழக்கத்தில் தவறான பிடியை அழுத்தினால் இறக்கத்தில் தலைகுப்புற விழ நேரும். கிளம்பும் முன் சமதரையில் மெதுவாக உருட்டிக்கொண்டே நாலைந்து தடவை இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். சாலையிலும் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆளில்லாத கிராமச் சந்திப்பில் திரும்பும்போதுதான் கை தானாக இடப்பக்கம் இழுக்கும், ஜாக்கிரதை.

மற்றவை சட்டென்று: ஒரு மாற்று ட்யூப், இரண்டு டயர் லீவர், சின்ன பம்ப், அறுகோணச் சாவிகள், மடித்தால் கைக்குள் அடங்கும் காற்றுத்தடுப்பு ஜாக்கெட். ஜூலையிலும் ஜாக்கெட் வேண்டும். வியர்த்த உடம்போடு மேட்டிலிருந்து இறங்கினால் பல் கிட்டிக்கும்.

படி 2: வழியைத் தெரிந்துகொள்வது

நான் சொல்லப்போகும் சுற்று பர்க்டோர்ஃப் நகரில் தொடங்கி அங்கேயே முடிகிறது. சுமார் 35 கிலோமீட்டர். பர்க்டோர்ஃப் ஏறக்குறைய 530 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றின் உச்சியான லூக் 887 மீட்டர். இந்த உயர வித்தியாசமே 350 மீட்டரைத் தாண்டும், நடுவே இறங்கி ஏறுவது அதற்கு மேல்.

பர்க்டோர்ஃப் கோட்டையைப் பின்னால் விட்டு எம்மே ஆற்றின் மேல்நோக்கி ஓபர்பர்க், ஹாஸ்லே வரை போங்கள். இது தட்டையான பகுதி. உடம்பு சூடேறட்டும், வேகம் வேண்டாம். ஹாஸ்லேக்கும் ருவெக்சாவுக்கும் நடுவே கூரை போட்ட மரப்பாலம் ஒன்று இருக்கிறது. 1837-இல் எம்மேயில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு 1839-இல் கட்டியது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் ஒரே வளைவாக ஆற்றைத் தாண்டுகிறது, அந்த வளைவு தாண்டும் தூரம் சுமார் 58 மீட்டர். நிறுத்தி உள்ளே நின்று மேலே பாருங்கள்: பக்கச் சுவரோடு சேர்ந்து எழும் அந்த மரவளைவு ஒரே மரத்தால் ஆனதல்ல, பலகை மேல் பலகையாக அடுக்கி வளைத்தது தெரியும்.

அங்கிருந்து லுட்செல்ஃப்ளூ, ராம்செய், சுமிஸ்வால்ட். ராம்செய் தாண்டியதும் சாலை ஏறத் தொடங்கும். சுமிஸ்வால்டிலிருந்து வையர் வழியாக அஃபோல்டெர்ன், பிறகு லூக், அதன்பின் ஹைமிஸ்வில் வழியாக பர்க்டோர்ஃபுக்கு இறக்கம்.

ஷ்வைட்ஸ்மொபில் ஆப்பில் அல்லது சுவிஸ்டோபோ வரைபடத்தில் இந்த ஊர்ப் பெயர்களை வரிசையாகத் தொட்டாலே கோடு வந்துவிடும். கோட்டுக்குக் கீழே உயர வரைபடமும் காட்டும். அதில் எந்த இடத்தில் மூச்சு வாங்கப்போகிறது என்று முந்தின நாள் இரவே பார்த்துவைப்பது நல்லது. சாலையோரத்தில் சிவப்புப் பலகையில் சைக்கிள் படம் இருந்தால் அது சைக்கிள் வழி. ஒற்றை இலக்க எண் நாடு தழுவிய வழி, இரட்டை இலக்கம் வட்டார வழி, மூன்று இலக்கம் உள்ளூர் வழி. மஞ்சள் பலகை நடப்பவர்களுக்கு. அதை நம்பித் திரும்பினால் காட்டுக்குள் வேர்களின் மேல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நிற்பீர்கள்.

படி 3: ரயிலில் போய்ச் சேர்வது

பெர்னிலிருந்து பர்க்டோர்ஃப் கால் மணி நேரம் சொச்சம். சைக்கிளுக்குத் தனி டிக்கெட் உண்டு. சைக்கிள் படம் போட்ட கதவைத் தேடி நீங்களே ஏற்றிக் கொக்கியில் மாட்ட வேண்டும். தூரத்திலிருந்து இன்டர்சிட்டி ரயிலில் வருபவர்கள் மார்ச் 21 முதல் அக்டோபர் 31 வரை சைக்கிளுக்கு இடம் முன்பதிவு செய்வது கட்டாயம். சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டால் அது கைச்சுமை, கட்டணம் கிடையாது.

படி 4: சாலை விதிகள்

பலகை நிறத்தை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். பச்சை என்றால் ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலை, சைக்கிளுக்கு அங்கே இடமே இல்லை. நீலம் முதன்மைச் சாலை. போகலாம், ஆனால் லாரிகளோடு போக வேண்டும். வெள்ளை கிளைச் சாலை. நமக்கு வேண்டியது இதுதான்.

புதியவர்களைத் தடுமாறவைப்பது வலப்பக்க முன்னுரிமை. கிராமத்துக்குள் சந்திப்பில் பலகையும் இல்லை, தரையில் வெள்ளை முக்கோணங்களும் இல்லை என்றால், வலப்பக்கத்துச் சந்திலிருந்து வருபவருக்கே வழி. அது எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும் சரி. உங்கள் சாலை அகலமாக இருப்பதால் நீங்கள்தான் முதலில் என்று நினைத்துவிடாதீர்கள். அதேபோல, வலப்பக்கம் நீங்கள் இருந்தால் காரே நின்று வழிவிடும். அப்போது தயங்கி நின்று குழப்பாமல் போய்விடுங்கள்.

ஒற்றைத் தட ரவுண்டானாவில் சைக்கிள்காரர் ஓரமாக ஒட்டிப் போக வேண்டியதில்லை, தடத்தின் நடுவிலேயே போகச் சட்டம் இடம் தருகிறது. நடுவில் போவதுதான் பாதுகாப்பும். ஓரமாகப் போனால் வெளியேறும் கார் குறுக்கே வெட்டும். திரும்பும்போது கை காட்டுவது கட்டாயம். இருவர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டு ஓட்டுவதற்குப் பொதுவாக அனுமதி இல்லை. சில விலக்குகள் உண்டு, புதியவர்கள் அதையெல்லாம் யோசிக்காமல் ஒருவர் பின் ஒருவராகவே போங்கள். சாதாரண சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் ஹெல்மெட் இல்லாமல் வருபவரை நான் கூட்டிப் போவதில்லை.

படி 5: ஏறுவதும் இறங்குவதும்

மேட்டின் அடியில் போய்ச் சேர்ந்தபின் கியர் மாற்றாதீர்கள். எதிர்மேடு கண்ணில் பட்டதுமே, பாலத்துக்கு முன்பாகவே, சங்கிலியை முன்பக்கச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் கறகறவென்று அரைத்து, சில சமயம் சங்கிலியே கழன்று விழும். மாற்றும் அந்த ஒரு நொடி காலின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள், ‘டக்’ என்று சுத்தமாக உட்காரும்.

ஏறும்போது கைகளை ஹேண்டில்பாரின் மேல்பகுதியில் தளர்வாக வையுங்கள், தோள் இறங்கியே இருக்கட்டும். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். இரண்டு சொல்லோடு மூச்சு அறுந்தால் ஒரு கியர் இறக்குங்கள். முதல் மேட்டில் முந்திக்கொண்டு பறப்பவர் மூன்றாவது மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதை இந்தச் சாலைகளில் அடிக்கடி பார்க்கலாம். மெதுவாக ஏறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பசுக்களைத் தவிர வேடிக்கை பார்க்க ஆளும் இருக்காது.

நின்று மூச்சு வாங்கும்போது வேலியில் சாய்க்காதீர்கள். மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி இருக்கும் அந்த மெல்லிய வெள்ளை நாடாவில் மின்சாரம் ஓடுகிறது. மேலே பண்ணை வீடுகளைப் பாருங்கள்: கூரை கிட்டத்தட்ட தரை வரை இறங்கியிருக்கும், ஜன்னல் தோறும் ஜெரேனியம் பூ. பெரிய வீட்டை ஒட்டிச் சின்னதாக இன்னொரு வீடு இருந்தால் அதன் பெயர் ஷ்டோக்லி. பண்ணையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அப்பா அம்மா குடிபோகும் வீடு. பழைய வழக்கப்படி இங்கே பண்ணை கடைசி மகனுக்குப் போனது, மூத்தவருக்கு அல்ல.

லூக் உச்சியில் முதல் உலகப்போர்க் காலத்தில் பணியில் இறந்த பெர்ன் குதிரைப்படையினருக்கான நினைவுச் சின்னம் நிற்கிறது. சாலையிலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் ஒரு பக்கம் ஆல்ப்ஸ் வரிசை, மறுபக்கம் யூரா மலை.

இனி இறக்கம். ஜாக்கெட்டை இங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். கைகள் ஹேண்டில்பாரின் கீழ்வளைவில், விரல்கள் பிரேக்கின் மேல். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். உள்பக்கப் பெடல் மேலே இருக்கட்டும், கண் வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். தொடர்ந்து பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்திக் குறைத்து விடுங்கள், மறுபடி அழுத்துங்கள்.

இங்கே இறக்கத்தில் எதிரி செங்குத்துச் சாய்வு அல்ல, சாலையில் கிடப்பது. பசுக்கள் கடந்த இடத்தில் ஈரச் சாணம், டிராக்டர் சக்கரத்திலிருந்து விழுந்த களிமண், மரநிழலில் காயாத ஈரம். சில இடங்களில் சாலை வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே முற்றத்தின் வழியாகவே போகும். அங்கே நாய், கோழி, குழந்தை எது வேண்டுமானாலும் குறுக்கே வரலாம். யாராவது நின்றால் ‘க்ரூஸ்ஸெக்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள், இந்தப் பக்கத்து வணக்கம் அதுதான்.

படி 6: தண்ணீர், சாப்பாடு

தண்ணீருக்குக் காசு செலவழிக்காதீர்கள். ஊருக்கு ஊர் நீரூற்றுத் தொட்டி இருக்கும், குழாயில் வருவதைப் பிடித்துக் குடிக்கலாம். ‘கைன் ட்ரிங்க்வாஸர்’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கிராமக் கடைகள் மூடியிருக்கும். அன்று பண்ணை வாசலில் உள்ள ஆளில்லாக் கடைகள்தான் துணை: ஆப்பிள் சாறு, பாலாடைக்கட்டி, ரொட்டி இருக்கும், பணத்தை உண்டியலில் போட வேண்டும். சில்லறை வைத்திருங்கள்.

பசித்தபின் சாப்பிட்டால் தாமதம். முக்கால் மணிக்கு ஒரு தரம் எதையாவது வாயில் போடுங்கள். புளியோதரையை உருண்டை பிடித்து அலுமினியத் தாளில் சுற்றிக் கொண்டுவரும் நண்பர் ஒருவர் உண்டு. அரிசியும் உப்பும்தான் உடம்புக்கு வேண்டியது என்பதால் என் ஜெல் பாக்கெட்டைவிட அது மேல். அஃபோல்டெர்னில் எம்மென்டாலர் பாலாடைக்கட்டி செய்வதைப் பார்க்கும் கூடம் இருக்கிறது. ஒரு சக்கரம் 75 முதல் 120 கிலோ வரை இருக்கும். நல்ல இடம்தான், ஆனால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிடாதீர்கள், லூக் ஏற்றம் இன்னும் பாக்கி.

முடியவில்லை என்றால்

ராம்செய் வரை ரயில் பாதை கூடவே வருகிறது, அங்கிருந்து ஒரு கிளைப் பாதை சுமிஸ்வால்ட்-க்ரூனென் நிலையம் வரை போகிறது. ஹாஸ்லே, லுட்செல்ஃப்ளூ, ராம்செய், சுமிஸ்வால்ட் எதிலும் ஏறித் திரும்பிவிடலாம். அதற்கு அப்பால் பேருந்துதான், சைக்கிளுக்கு இடம் கிடைக்கும் என்று நம்ப முடியாது. அதனால் தொடர்வதா திரும்புவதா என்பதை சுமிஸ்வால்டிலேயே முடிவு செய்யுங்கள். கோடையில் பிற்பகல் இடிமழை வரும் நாளை மெட்டியோசுவிஸ் ஆப் சொல்லிவிடும், அன்று காலையிலேயே கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். விபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 144, ரேகா ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414.

இந்தச் சுற்று சுலபமாகப் பட்டால் அடுத்த முறை எதிர்த்திசையில் போங்கள். ஹைமிஸ்வில் பக்கமாக ஏறினால் அந்த 350 மீட்டரும் முதல் பத்துக் கிலோமீட்டரிலேயே வந்துவிடும். அதுவும் பழகியபின் 99 எண்ணுள்ள ஹெர்ஸ்ரூட்டை எடுங்கள். லோசானிலிருந்து ரோர்ஷாக் வரை பதின்மூன்று கட்டங்களாகப் போகும் வழி அது. அதில் லாங்னாவிலிருந்து பர்க்டோர்ஃபுக்கு வரும் கட்டம் முழுக்க இதே மாதிரி மேடு பள்ளம்தான், மேடுகள் மட்டும் எண்ணிக்கையில் அதிகம்.