ஸ்கூல்லயும் கிரவுண்ட்லயும் தோல் தொற்று பரவ நாம செய்ற தப்புகள்

அழுக்கா இருக்கற பசங்களுக்குத்தான் இதெல்லாம் வரும்னு நெனைக்கறதுதான் முதல் தப்பு, மத்த தப்பெல்லாம் இதுலேர்ந்துதான் கிளம்புது. தினம் ரெண்டு வேளை குளிக்கற பிள்ளைக்கும் பூஞ்சையால வர்ற படர்தாமரை வரும், சின்ன பூச்சியால வர்ற சிரங்கு (ஸ்கேபீஸ்) வரும். உடம்போட உடம்பு உரசற விளையாட்டு, வேர்வை, ஒரு சின்ன சிராய்ப்பு, இது போதும். ஆனா அழுக்குன்னு பேர் வந்துடுமோன்னு பிள்ளைங்க முழுக்கை சட்டை போட்டு மறைச்சுடறாங்க, டீம்ல ஆடற பிள்ளைங்க மேட்ச்ல சேக்காம வெளிய உக்கார வச்சுடுவாங்களோன்னு இன்னும் நல்லாவே மறைக்கறாங்க. அதனால கோச், டீச்சர் எல்லாருக்கும் சொல்றேன், நாலு பேர் முன்னாடி "என்னடா இது கையில"ன்னு கேக்காதீங்க. தனியா கூப்பிட்டு கேளுங்க, சரியானதும் டீம்ல உன் இடம் அப்படியே இருக்கும்னு சொல்லுங்க, அப்பதான் அடுத்த பிள்ளை தானா வந்து காட்டும்.

அடுத்தது வீட்ல கெடக்கற ட்யூப். அரிக்குதுன்னு சொன்னதுமே எடுத்து தடவறோம், அதுல என்ன மருந்து இருக்குன்னே பல பேர் பாக்கறதில்ல. க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன்னு ட்யூப் மேல போட்டிருந்தா அது ஸ்டீராய்டு, அரிப்பையும் செவப்பையும் அடக்குமே தவிர பூஞ்சையைக் கொல்லாது. படர்தாமரைல அதை தடவினா ரெண்டு நாள்ல அரிப்பு அடங்கும், செவப்பு குறையும், பரவால்லன்னு விட்டுடுவோம், ஆனா பூஞ்சை பாட்டுக்கு பரவிட்டே இருக்கும், நிறுத்தினதும் முன்னவிட பெருசா கிளம்பும், அந்த வட்ட வடிவமும் போயிடறதால டாக்டருக்கே கண்டுபிடிக்கறது கஷ்டமாகிடும். சரியான பூஞ்சை மருந்தையும் அரிப்பு நின்னதும் நிறுத்திடாதீங்க, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் போடணும், பொதுவா சில வாரம் ஆகும். தலையில வந்த படர்தாமரைக்கு க்ரீம் மட்டும் போதாது, உள்ளுக்கு மருந்து சாப்பிட்டாதான் போகும்.

சிராய்ப்பை சாதாரணமா விடறது பெரிய தப்பு. 2003 சீசன்ல செயின்ட் லூயிஸ் ராம்ஸ்ங்கற அமெரிக்கன் ஃபுட்பால் டீம்ல 58 பிளேயர்ஸ்ல 5 பேருக்கு எம்ஆர்எஸ்ஏ தொற்று வந்துச்சு, வழக்கமா குடுக்கற பல ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியா அது. எல்லாமே செயற்கைப் புல் தரையில தோல் உரிஞ்ச எடத்துல வந்த சீழ்க்கட்டி. தேடிப் பாத்தப்போ ஒரே டவலை பல பேர் தொடச்சுக்கிட்டதும் தெரிஞ்சுச்சு. சிராய்ச்சா உடனே சோப்பு தண்ணில கழுவி, காய்ஞ்சதும் பேண்டேஜ் போட்டு மூடுங்க, நனைஞ்சா மாத்துங்க. கட்டியை மட்டும் யாரும் பிதுக்காதீங்க, தொற்று உள்ள எறங்கும், வெளிய வர்ற சீழ் அடுத்தவங்களுக்கு ஒட்டும். டவல், ரேசர், சோப்பு, ஹெல்மெட், கை கால்ல கட்டற பேட் எதையும் பங்கு போடக்கூடாது, ஹெல்மெட் வேற வழியே இல்லாம மாத்திப் போடறதா இருந்தா நடுவுல தொடச்சுட்டு குடுங்க.

விளையாட தரையில விரிக்கற மேட்ல கிருமிநாசினி ஸ்ப்ரே அடிச்ச கையோட தொடைக்கறதும் வீண் வேலைதான். மொதல்ல அழுக்கை கழுவணும், அப்புறம் கிருமிநாசினி போட்டு பாட்டில்ல போட்டிருக்கற நேரம் வரைக்கும் ஈரமா விடணும்.

சிரங்குல எல்லாரும் சறுக்கற எடம் ஒண்ணு இருக்கு. முதல் தடவை வர்றவங்களுக்கு ஒட்டி 4லேர்ந்து 6 வாரம் கழிச்சுத்தான் அரிப்பே தெரியலாம், அதுக்குள்ள வீட்ல இருக்கறவங்களுக்கும் போயிருக்கும். அதனால ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து போட்டு பிரயோஜனமில்ல, அரிப்பு இல்லாதவங்களும் சேர்த்து வீடு மொத்தமும் டாக்டர் சொல்றபடி ஒரே நாள்ல போடணும், துணி படுக்கைவிரிப்பெல்லாம் அன்னிக்கே சுடுதண்ணில துவைக்கணும்.

இதுக்கு நேர்மாறான தப்பும் நடக்குது, பயந்துபோய் பிள்ளையை வாரக்கணக்கா வீட்லயே வச்சுக்கறது. படர்தாமரைக்கு மருந்து ஆரம்பிச்சா கிளாசுக்கு போகலாம். மல்யுத்தம் மாதிரி விளையாட்டுன்னா கொஞ்சம் பொறுக்கணும், அமெரிக்க ஹைஸ்கூல் மல்யுத்தத்துல உடம்புல வந்ததுக்கு 72 மணி நேரமும் தலையில வந்ததுக்கு 14 நாளும் மருந்து எடுத்த பிறகுதான்னு வச்சிருக்காங்க.

காய்ச்சல், வேகமா பரவற செவப்பு, கண்ணு பக்கத்துல கொப்புளம், இதுல எது இருந்தாலும் நாளைக்கு பாக்கலாம்னு தள்ளாதீங்க, அன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.