செப்டம்பரிலேயே தீர்ப்பு எழுதாதீர்கள்: கல்லூரி ஃபுட்பால் ரசிகர்கள் முதல் வாரங்களில் செய்யும் தவறுகள்

2014 செப்டம்பர் 6, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு அந்த ஆண்டின் முதல் உள்ளூர் ஆட்டம். மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல். எங்கள் வீட்டு ஹாலில் ஐந்து பேர். எதிரணி வர்ஜீனியா டெக். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் எங்கள் குவார்ட்டர்பேக் ஜே.டி. பாரெட் அன்று 29 முறை பந்தை எறிந்தார். 9 மட்டுமே நம் ஆட்கள் கையில் விழுந்தன, 3 எதிரணி கைக்குப் போயின. ஏழு முறை அவரைப் பந்தோடு சேர்த்துத் தரையில் சாய்த்தார்கள். 35-21 என்று தோற்றோம். நண்பன் ஒருவன் போட்டிருந்த சிவப்பு ஜெர்சியைக் கழற்றி சோபாவில் வைத்துவிட்டு, "சீசன் முடிஞ்சுது மச்சான், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான். எங்களில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை.

அதற்கப்புறம் அந்த அணி அந்த சீசனில் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. 2015 ஜனவரி 12 அன்று ஓரிகனை 42-20 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது. எங்களைத் தோற்கடித்த வர்ஜீனியா டெக் 7 வெற்றி, 6 தோல்வியோடு ஆண்டை முடித்தது.

அந்த இரவிலிருந்து, ஆகஸ்ட் கடைசியில் சீசன் தொடங்கும் ஒவ்வொரு முறையும் நான் வேறு மாதிரி பார்க்கப் பழகிக்கொண்டேன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் புதிதாகப் பின்தொடர்கிறவர்களும், வருடக்கணக்காகப் பார்த்தவர்களும் முதல் மூன்று நான்கு வாரங்களில் ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள்.

முதல் ஆட்டத்தை முடிவு என்று எடுத்துக்கொள்வது

இதுதான் எல்லாத் தவறுக்கும் தாய். ஏன் இது தவறு என்று புரிந்துகொள்ள இந்த விளையாட்டின் அமைப்பைப் பார்க்க வேண்டும். தொழில்முறை ஃபுட்பாலில் சீசனுக்கு முன் வேறு அணிகளோடு பயிற்சி ஆட்டங்கள் உண்டு. கல்லூரி ஆட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆகஸ்ட் முழுக்கத் தங்களுக்குள்ளேயே மோதிப் பார்த்துவிட்டு நேராகக் கணக்கில் வரும் ஆட்டத்தில் இறங்குகிறார்கள். வழக்கமான சீசனே மொத்தம் 12 ஆட்டம்தான். அதனால் முதல் இரண்டு வாரம் என்பது பாதி ஒத்திகை, பாதி பரீட்சை.

ஆட்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறார்கள். பட்டம் வாங்கியவர்கள் போய்விடுவார்கள், திறமைசாலிகள் தொழில்முறை ஆட்டத்துக்குத் தாவுவார்கள். 2018-ல், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021-லிருந்து, கல்லூரி மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் சில அணிகளில் முதல் ஆட்டத்தன்று பக்கத்தில் நிற்பவனின் பெயரே எட்டு மாதத்துக்கு முன் தெரியாது என்ற நிலைமை.

இதில் மிகவும் அடிபடுவது ஆஃபென்சிவ் லைன். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கும் அந்த ஐந்து பேர். நடுவில் நிற்பவர் பந்தைப் பின்னால் கொடுப்பதைத் தவிர, பெரும்பாலும் பந்தைத் தொட மாட்டார்கள், பெயரும் பலருக்குத் தெரியாது. ஆனால் அந்த ஐந்து பேரும் ஒரே உடம்பு மாதிரி நகர்ந்தால்தான் மற்ற எல்லாம் நடக்கும். 2014-ல் ஓஹையோ ஸ்டேட்டின் அந்த வரிசையில் முந்தைய ஆண்டு தொடர்ந்து ஆடியவர் ஒருவர் மட்டுமே மிச்சம். போதாக்குறைக்கு முதல் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் ஆகஸ்டில் தோள்பட்டை காயத்தால் விலகியிருந்தார். பாரெட்டுக்கு அது இரண்டாவது ஆட்டம். வர்ஜீனியா டெக் இதைச் சரியாகக் கணித்து, கூடுதல் ஆட்களைப் பந்து கிளம்பும் கோட்டருகே நெருக்கி நிறுத்தியது. பந்து பிடிக்க ஓடுபவர்களை ஒருவருக்கு ஒருவர் என்று விட்டுவிட்டது.

இதை மறுபடி போட்டுப் பாருங்கள். பந்தைப் பார்க்காமல் அந்த ஐந்து பேரின் தோள்களை மட்டும் பாருங்கள். பந்து கிளம்பிய நொடியில் இரண்டு பேர் ஒரே ஆளின் மேல் பாய்வார்கள். பக்கத்து இடைவெளி திறந்து கிடக்கும். அதன் வழியே யாரும் தொடாமல் ஒருவன் உள்ளே வருவான். பலம் குறைந்தவர்கள் செய்யும் தவறு இல்லை இது. இன்னும் ஒருவரோடு ஒருவர் பழகாதவர்கள் செய்யும் தவறு. அடுத்தடுத்து வந்த அணிகளும் அதே வியூகத்தை முயன்றன, ஒவ்வொரு வாரமும் பலன் குறைந்தது. நவம்பர் கடைசியில் பாரெட்டுக்கே கணுக்கால் முறிந்து மூன்றாவது குவார்ட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸ் இறங்கினார். அந்த வரிசையின் பின்னால் நின்று அவர் கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் மோதும் கல்லூரிகளின் குழு) இறுதியில் விஸ்கான்சினை 59-0 என்று வென்றார். செப்டம்பரில் ஒழுகிய அதே சுவர்தான்.

தரவரிசை எண்ணைக் கண்ணை மூடி நம்புவது

பெயருக்கு முன்னால் 5, 10, 17 என்று ஒரு எண்ணைப் பார்த்ததும் அது அணியின் தகுதி என்று நினைத்துவிடுகிறோம். ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தரவரிசை 1936-லிருந்து தொடர்ந்து வருகிறது. சீசன் தொடங்கும் முன்பே ஒன்று வெளியிடும் வழக்கம் 1950-ல் ஆரம்பித்தது. விளையாட்டு நிருபர்கள் வாக்களிக்கிறார்கள். ஆகஸ்டில் அவர்கள் கையில் இருப்பது போன ஆண்டு நினைவும் கல்லூரியின் பெயரும்தான்.

2012-ல் முதலிடத்தில் தொடங்கிய யு.எஸ்.சி. (சதர்ன் கலிஃபோர்னியா) 7-6, அதாவது 7 வெற்றி, 6 தோல்வி என்று முடித்தது. 2024-ல் பத்தாம் இடத்தில் தொடங்கிய ஃப்ளோரிடா ஸ்டேட் 2-10. மறுபக்கம், 2022-ல் தரவரிசைக்கு வெளியே தொடங்கிய டி.சி.யு. (டெக்சாஸ் கிறிஸ்டியன்) தேசிய இறுதி ஆட்டம் வரை போனது.

இந்தத் தவறின் இன்னொரு முகம் 2023-ல் தெரிந்தது. முன்னாள் தொழில்முறை நட்சத்திரம் டியான் சாண்டர்ஸ் பயிற்சியாளராக வந்த முதல் ஆட்டத்திலேயே கொலராடோ, 17-ஆம் இடத்திலிருந்த டி.சி.யு.வை அவர்கள் மைதானத்தில் 45-42 என்று வென்றது. நாடே கொண்டாடியது. முதல் மூன்று ஆட்டமும் வெற்றி. நான்காவதில் ஓரிகன் 42-6 என்று அடித்தது. கொலராடோ 4-8 என்று முடித்தது, அவர்கள் வீழ்த்திய டி.சி.யு. 5-7. அந்த 17 என்ற எண், போன ஆண்டின் இறுதி ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த மரியாதை. களத்தில் இறங்கிய அணியோ வேறு.

உண்மையில், தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்குக் கணக்காகும் தரவரிசையைத் தேர்வுக் குழுதான் வெளியிடுகிறது. அது சீசன் பாதி தாண்டிய பிறகே வரத் தொடங்கும். அதுவரை எண்ணைப் பார்க்காமல் ஆட்டத்தைப் பாருங்கள்.

ஒரு தோல்வியோடு கதவைச் சாத்துவது

பழைய காலத்தில் இந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. 2014 முதல் 2023 வரை பிளேஆஃபுக்கு நான்கு அணிகள்தான். அதற்கு முன் இறுதி ஆட்டத்துக்கு இரண்டே அணிகள். 2024-லிருந்து 12 அணிகள். கணக்கு மாறிவிட்டது, ரசிகர்களின் மனசுதான் இன்னும் மாறவில்லை.

2007-ல் மிஷிகன் ரசிகர்கள் பட்டதை நினைத்துப் பார்ப்பேன். ஐந்தாம் இடத்தில் இருந்த அணி, செப்டம்பர் 1 அன்று சொந்த மைதானத்தில் அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34-32 என்று தோற்றது. அப்போது ஒரு படி கீழே உள்ள பிரிவில் இருந்த கல்லூரி அது. கடைசி நொடிகளில் மிஷிகன் மூன்று புள்ளிக்காகக் கம்பங்களை நோக்கி உதைத்த ஃபீல்டு கோலைக் கையால் தடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் ஓரிகனிடம் 39-7. பயிற்சியாளர் லாய்டு கார் போக வேண்டும் என்ற குரல் அப்போதே எழுந்தது. ஆனால் அடுத்த எட்டு ஆட்டங்களைத் தொடர்ச்சியாக வென்றார்கள். கடைசியில் 2008 புத்தாண்டு நாளில் டிம் டீபோ ஆடிய ஃப்ளோரிடாவை 41-35 என்று வென்று 9-4 என்று முடித்தார்கள். காருக்கு அதுதான் கடைசி ஆட்டம், வீரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். செப்டம்பரில் தொலைக்காட்சியை அணைத்தவர்கள் அதைத் தவறவிட்டார்கள்.

இதோடு சேர்ந்த தவறு, ஜெயித்தவனை அற்பமாக நினைப்பது. அப்பலாச்சியன் ஸ்டேட் 2005, 2006 இரண்டு ஆண்டும் தங்கள் பிரிவின் தேசிய சாம்பியன். அந்த ஆண்டும் அவர்களே வென்றார்கள். மிஷிகன் அவர்களுக்கு 4 லட்சம் டாலர் கொடுத்து அழைத்திருந்தது. பெரிய கல்லூரிகள் சிறிய கல்லூரிகளைப் பணம் கொடுத்து அழைத்து எளிதாக ஜெயிக்கும் வழக்கம் இந்த முதல் வாரங்களில் நிறைய. அப்படிப்பட்ட ஆட்டத்தில் 60 புள்ளி எடுத்தால் அதை வைத்தும் கனவு காணாதீர்கள். முதல் வரிசை ஆட்கள் களத்தில் இருந்தவரை என்ன நடந்தது என்று மட்டும் பாருங்கள். கடைசி கால் மணி நேர ஆட்டத்தில் வந்த புள்ளிகளை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பெஞ்சில் இருப்பவனே மேல் என்று கத்துவது

குவார்ட்டர்பேக் இரண்டு முறை தவறாக எறிந்தால் போதும், மாற்று என்று அரங்கமே கத்தும். 2023-ல் அலபாமா சொந்த மண்ணில் டெக்சாஸிடம் 34-24 என்று தோற்றது. அடுத்த வாரம் ஜேலன் மில்ரோவை உட்காரவைத்தார்கள். மற்ற இருவரை வைத்து சவுத் ஃப்ளோரிடாவை 17-3 என்று திணறித் திணறித்தான் வென்றார்கள். மில்ரோ திரும்பி வந்தார். டிசம்பரில், தொடர்ந்து 29 ஆட்டம் வென்றிருந்த ஜார்ஜியாவை 27-24 என்று வீழ்த்தி பிளேஆஃபுக்குக் கூட்டிப்போனதும் அவரேதான். வெளியில் நின்று பார்க்கும்போது மாற்று ஆளிடம் குறை தெரியாது, ஏனென்றால் அவர் இன்னும் ஆடவில்லை.

பயிற்சியாளரை நீக்கச் சொல்வதும் இதே வகைதான், ஆனால் அதில் ஒரு வித்தியாசம் உண்டு. 2022 செப்டம்பர் 11 அன்று நெப்ராஸ்கா ஸ்காட் ஃப்ராஸ்டை நீக்கியது. அக்டோபர் வரை காத்திருந்தால் இழப்பீடு பாதியாகக் குறைந்திருக்கும். ஆனாலும் காத்திருக்கவில்லை. முந்தைய நாள் ஜார்ஜியா சதர்னிடம் தோற்றதால் மட்டும் அந்த முடிவு வரவில்லை. அவருக்குக் கீழே நான்கு முழு சீசன் தோல்விகள் குவிந்திருந்தன. அது ஐந்தாம் ஆண்டுக் கணக்கு. முதல் ஆண்டு பயிற்சியாளரின் இரண்டாவது வாரத்துக்கு அந்தக் கணக்கைப் பொருத்துவது அநியாயம்.

ஏ அணி பி-யை வென்றது, பி அணி சி-யை வென்றது, அதனால் ஏ அணி சி-யை வெல்லும் என்ற கூட்டல்

2025 ஆகஸ்ட் 30 அன்று ஃப்ளோரிடா ஸ்டேட் அலபாமாவை 31-17 என்று வென்றது. முடிவில் அலபாமா பிளேஆஃபில் ஆடியது, ஃப்ளோரிடா ஸ்டேட் 5-7. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

புள்ளிக்குப் பதிலாக எதைப் பார்ப்பது என்று கேட்டால், நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். நான்கு கட்டம். மூன்றாவது டவுனில் (10 கெஜம் கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) எத்தனை முறை தேவையான தூரத்தைக் கடந்தார்கள். விதிமீறலுக்கு நடுவர் எறியும் கொடி எத்தனை விழுந்தது. எத்தனை பேரைப் பிடித்தும் நழுவவிட்டார்கள். தவறி விழுந்த பந்து யார் கைக்குப் போனது. கடைசிக் கட்டம் ரொம்ப முக்கியம். நீள்வட்டப் பந்து தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று முறை அது எதிரணிப் பக்கம் துள்ளியதால் தோற்றிருந்தால், அடுத்த வாரம் அதே அணி நன்றாகத் தெரியும். மூன்றாவது டவுனில் தொடர்ந்து தோற்றிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பிள்ளைகளைத் திட்டுவது

களத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் 18-லிருந்து 22 வயதுப் பிள்ளைகள். திங்கட்கிழமை காலையில் அவர்கள் வகுப்புக்குப் போக வேண்டும். இப்போது பலருக்கு நல்ல பணம் வருகிறது, உண்மைதான். அதற்காக, உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனதற்கு ஒரு பையனின் தாயைப் பற்றி எழுதலாமா? 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து பல மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வமானது. பணம் போனவர்களின் கோபம் நேராக வீரர்களின் கைபேசிக்கே போகிறது, கொலை மிரட்டல் உட்பட. மற்ற தவறுகள் எல்லாம் நம் சந்தோஷத்தைத்தான் கெடுக்கும். இது இன்னொருவர் வீட்டுப் பிள்ளையைக் காயப்படுத்தும். அப்படி எழுதுகிறவர்களை என் வீட்டு ஹாலுக்கு நான் அழைப்பதில்லை.

தோற்றதும் டிவியை அணைப்பது

2024 செப்டம்பர் 7 அன்று, ஐந்தாம் இடத்தில் இருந்த நோட்டர் டேம் தன் மைதானத்தில் நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று தோற்றது. நான்கு டச்டவுன் (சுமார் 28 புள்ளி) வித்தியாசத்தில் நோட்டர் டேம் ஜெயிக்கும் என்று கணித்திருந்த ஆட்டம். 31 நொடிகள் மீதமிருந்தபோது நார்தர்ன் இல்லினாய் 35 கெஜத்திலிருந்து உதைத்து முன்னிலை பெற்றது. நோட்டர் டேம் கடைசியாக 62 கெஜத்திலிருந்து முயன்றதைத் தடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் நோட்டர் டேம் பர்டியூவை 66-7 என்று அடித்தது, ஜனவரியில் தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. அங்கே அவர்களை 34-23 என்று வென்றது எங்கள் ஓஹையோ ஸ்டேட்.

ஆனால் அந்த சனிக்கிழமை மாலை நோட்டர் டேம் ரசிகர்கள் பலர் பார்க்காமல் விட்டது வேறு ஒன்று. நார்தர்ன் இல்லினாய் பயிற்சியாளர் தாமஸ் ஹேமக் அதே கல்லூரியில் படித்து அதே அணிக்கு ஆடியவர். ஆட்டம் முடிந்ததும் மைக்கை நீட்டினார்கள். அவரால் பேச முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பின்னால் அவருடைய பையன்கள் புல்வெளி முழுக்க ஓடிக்கொண்டிருந்தார்கள்.