இடுப்பை உலுக்கும் ஆக்டேவியா விஆர்எஸ் எஸ்டேட்: எங்கே கை வைப்பது?

இங்கிலாந்தில் குடும்பமும் ஏறணும், வேகமும் வேணும் என்று நினைப்பவர்கள் தேடும் செகண்ட் ஹேண்ட் கார்களில் ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் எஸ்டேட்டும் ஒன்று. விஆர்எஸ் என்றால் ஆக்டேவியாவின் வேகமான ரகம்; எஸ்டேட் என்றால் பின்னால் நீண்ட டிக்கி உள்ள வடிவம். என்னுடையது 2013-ல் வந்த மூன்றாம் தலைமுறை. ஸ்ட்ரோலரோடு அரிசி மூட்டையும் தாராளமாக டிக்கியில் போகும். ஆனால் பின்சீட்டில் உட்கார்ந்த மாமியார் கேட்டது, "மாப்பிள்ளை, இது காரா, கட்டை வண்டியா?"

உடனே ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் என்று கிளம்பிவிடாதீர்கள். முதலில் காற்று. காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, சொந்த கேஜ் வைத்துப் பாருங்கள். பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரில் ஆள் குறைவாக இருந்தால் எவ்வளவு, முழுச் சுமைக்கு எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். என் வண்டியை சர்வீஸ் செய்த கராஜ், முழுச் சுமைக்கான காற்றையே பின்னால் ஏற்றி அனுப்பியிருந்தது. அதைச் சரிசெய்ததிலேயே பின்பக்கக் குதியாட்டம் பாதி அடங்கியது. சொகுசுக்காக ஸ்டிக்கர் அளவுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். காற்றை மாற்றியதும் கார் மெனுவில் டயர் அழுத்தத்தை மறுபடி 'செட்' செய்யணும்.

அடுத்தது ரிம். இதில்தான் நிஜமான லாபம். 225/35 ஆர்19 என்றால் அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச் சுவர் அதில் 35 சதவீதம், ரிம் 19 இன்ச். அந்த டயரின் பக்கச் சுவர் உயரம் 79 மில்லிமீட்டர்தான். 225/40 ஆர்18 என்றால் 90. 225/45 ஆர்17-க்கு இறங்கினால் 101. பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ள 22 மில்லிமீட்டர் கூடுதல் ரப்பர்! மொத்த விட்டத்தில் வித்தியாசம் 6 மில்லிமீட்டர்தான், அதனால் ஸ்பீடோமீட்டர் ஒரு சதவீதம்கூட மாறாது. போல்ட் அமைப்பு 5x112 (112 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட்), நடுத்துளை 57.1 மில்லிமீட்டர், இதே தலைமுறை ஆக்டேவியாக்களில் வந்த 17 இன்ச் ரிம்களே உட்காரும். பெரிய பிரேக் உள்ள மாடல் என்றால், காலிப்பருக்கு (பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) இடம் இருக்கிறதா என்று ஒரு ரிம்மை மாட்டிச் சுற்றிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். டயரின் சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் பழையதைவிடக் குறையக் கூடாது. அளவு மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லிவிடுங்கள், இங்கே அது கட்டாயம்.

இதற்கும் மசியவில்லையா? அரசு இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் பழைய எம்ஓடி (வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) குறிப்புகள் இலவசமாக வரும். ஷாக்கில் எண்ணெய்க் கசிவு, புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர்) தேய்மானம், ஸ்பிரிங் முறிவு என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். முந்தைய ஓனர் உயரம் குறைக்கும் ஸ்பிரிங் போட்டிருந்தால், ஷாக் கொஞ்சம் இறங்கியதுமே பம்ப் ஸ்டாப்பில் (அதன் கடைசித் தடுப்பு ரப்பர்) போய் இடிக்கும். அதைக் கழற்றி, கம்பெனி ஸ்பிரிங்கையே போடுங்கள். ஷாக்கை ஜோடியாகத்தான் மாற்றணும், கூடவே ஷாக்கின் மேல் முனையைப் பிடிக்கும் டாப் மவுண்ட்டும். பில்ஸ்டீன் என்ற ஷாக் கம்பெனியில் பி4 ரகம் கேளுங்கள், அது கம்பெனி ஷாக்குக்கு மாற்று. பி6 நல்ல சரக்குதான், ஆனால் இன்னும் இறுக்கம். நாம் தேடுவது அது இல்லை.

புஷ் மாற்றும் மெக்கானிக்கிடம் ஒன்றை அடித்துச் சொல்லுங்கள். வண்டி லிஃப்டில் நின்று சக்கரம் தொங்கும்போது, சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் போல்ட்டை முழுசாக முறுக்கக் கூடாது. சக்கரத்தில் பாரம் இருக்கும் உயரத்தில்தான் கடைசி முறுக்கு. தொங்கும்போதே இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் எந்நேரமும் திருகிய நிலையிலேயே நிற்கும்; சவாரியும் முரடாகும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். அப்புறம் நான்கு சக்கரத்துக்கும் அலைன்மென்ட்.

இவ்வளவு செய்தாலும் இது மெத்தை ஆகாது. சாதா ஆக்டேவியாவைவிடத் தாழ்ந்த, இறுக்கமான அமைப்பு இது. வளைவில் அந்தப் பிடிப்பு வேண்டித்தானே வாங்கினோம்? கழற்றிய 19 இன்ச் ரிம்களை விற்காமல் ஷெட்டில் போட்டு வையுங்கள். நாளைக்குக் காரை வாங்க வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.